போன தீபாவளிக்கு எங்கே போனஸ் வாங்கினீர்கள்?

2025 நவம்பர் மூன்றாவது வாரம் திருப்பூர், சிவகாசி, அம்பாசமுத்திரம் என்று மூன்று ஊர் சுற்றி வந்தோம். சுற்றுலா அல்ல. நான் வேலை பார்க்கும் ஆய்வு மையத்துக்காகத் தொழிலாளர்களிடம் கேட்டுக் கைக்கணினியில் படிவம் நிரப்பும் வேலை. வேலை போனதுண்டா, இப்போதைய இடத்தில் எத்தனை வருஷம், முன்பு என்ன தொழில், ஏன் மாறினீர்கள் என்பதுதான் விஷயம். கூட வந்தவர் இருபது வருஷமாகக் கள ஆய்வில் இருப்பவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளைக் கொஞ்சம் விரித்து நாள்வாரியாகப் போடுகிறேன். திரும்பி வந்து இரண்டு நாள் எழுந்திருக்க முடியாத அசதி. கையில் கொண்டுபோன கேள்விகளில் பாதியை வழியிலேயே மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கதைதான் இது.

நவம்பர் 17, திங்கள் – திருப்பூர்

கார்த்திகை முதல் தேதி. விடியற்காலை ஸ்டேஷனில் இறங்கும்போதே கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக ஆட்கள். எதிர்ப்பக்கம் பேக்கரியில் டீ 15 ரூபாய். கடைக்காரர் எங்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "கவர்மெண்டுங்களா?" என்றார். இல்லை, ஆராய்ச்சிக்காக என்றோம். "எழுதிக்குங்க. இந்நேரத்துக்கு இங்க நிக்க இடமிருக்காதுங்க. பாருங்க எப்படிக் கிடக்குதுன்னு" என்றார்.

அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு காம்பவுண்டு. எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு லைன் வீடுகள், நடுவில் ஒரே குழாய். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பிடித்துவிட வேண்டும் என்று ஏழு மணிக்கே போய்விட்டோம். ஓவர்லாக் டெய்லர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். படிவத்தில் உள்ளபடியே கேட்டேன். "கடந்த மூன்று ஆண்டுகளில் வேலையை இழந்திருக்கிறீர்களா?"

"இல்லைங்க."

"இப்ப எந்தக் கம்பெனிங்கண்ணா?"

"இப்ப வூட்லதானுங்க இருக்கறன். ஒரு மாசமாச்சு."

"அப்ப வேலை போச்சுங்களா?"

"போகலைங்க. ஆர்டர் வந்தாக் கூப்படறேன்னு சொல்லியிருக்காங்க."

இந்தப் பதிலை அன்று மட்டும் பதினோரு பேரிடம் கேட்டேன். அந்த வருஷம் ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 50 சதவீத வரி போட்டிருந்தார்கள். பனியன் கம்பெனிகளில் அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த இடங்களில் தையல் லைன்கள் பாதியாகிவிட்டன என்று காம்பவுண்டு முழுக்கச் சொன்னார்கள். ஆனால் யாரும் "வேலை போச்சு" என்று சொல்லவில்லை. "உக்கார வெச்சுட்டாங்க", "மூணு நாள் ஷிப்டுதான்", "லைன் நின்னுபோச்சு". எல்லாமே வேலைக்கு என்னவோ ஆனதாகச் சொல்லும் பேச்சு. தனக்கு வேலை இல்லை என்று தன் வாயால் சொல்லும் பேச்சு அதில் இல்லை. படிவத்தில் 'இழப்பு' என்ற கட்டத்தில் அன்று காலை நான் பதினோரு முறை 'இல்லை' என்று தட்டினேன். அப்போதே உறுத்தியது.

மத்தியானம் ஒரு பாட்டி கூப்பிட்டு ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தார், கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப் போட்டது. "வெயில்ல இப்படித் திரியறீங்களே கண்ணு, உங்களுக்கு நாள்கூலியா மாசச் சம்பளமா?" என்று கேட்டார். பதினோரு மாத ஒப்பந்தம் என்றேன். "அப்ப நீயும் எங்களாட்டந்தான்" என்று தலையைத் தடவிவிட்டார்.

இரவு லாட்ஜில் படிவங்களை அனுப்ப முயன்றபோதுதான் விபரீதம். கைக்கணினி ஒரு தரம் அணைந்து எழுந்தது. காலையில் எடுத்த ஒன்பது படிவங்களைக் காணோம். அக்கா ஒரு மணி நேரம் தேடினார். கிடைக்கவில்லை. "நாளைக்குப் போய்த் திரும்பக் கேட்போம், அவங்க மனுஷங்கதானே" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மாதமாகச் சம்பளமில்லாத வீட்டுக்கு மறுபடி போய் அதே கேள்வியைக் கேட்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று நினைத்து நினைத்துப் புரண்டேன்.

நவம்பர் 18, செவ்வாய் – திருப்பூர்

ஒன்பது பேரில் எட்டுப் பேர் முகம் சுளிக்காமல் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும், "நேத்துச் சொன்னதை வெச்சு என்ன பண்ணுனீங்க?" என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தோம்.

அந்தத் தொல்லையில்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான விஷயம் கிடைத்தது. நேற்றைய பதில்கள் சில என் நோட்டில் கிறுக்கலாக இருந்தன. இன்றைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. ஒரு கட்டிங் மாஸ்டர் நேற்று "இந்தக் கம்பெனியில நாலு வருஷம்" என்றார். இன்று "ஏழு வருஷம்". பொய் சொல்லவில்லை. ஏழு வருஷமாக ஒரே கேட்டுக்குள்தான் போய் வருகிறார், ஒரே மேஜையில்தான் துணி வெட்டுகிறார். நடுவில் இரண்டு முறை காண்ட்ராக்டர் மாறிவிட்டார். ஒவ்வொரு முறையும் 'கணக்கு முடிச்சு' புது டோக்கன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். எதை வேலை என்று எண்ணுவது? மேஜையையா, டோக்கனையா?

சட்டத்துக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டில் 1981ஆம் வருஷத்துச் சட்டம், 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. ஆட்குறைப்பு இழப்பீடு, வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருஷம். எல்லாமே தொடர்ச்சியாக எத்தனை நாள் என்பதில்தான் தொங்குகிறது. டோக்கன் மாறினால் அந்தத் தொடர்ச்சி காகிதத்தில் அறுந்துவிடும். அந்த அண்ணனுக்கு 480 நாள் விவரம் தெரியாது. சொன்னேன். ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம், வருஷம் கேட்டால் யாருக்கும் சரியாக வரவில்லை. "கொரோனாவுக்கு முன்னாடி", "நோட்டு செல்லாமப் போனப்போ", ஒரு பெரியவருக்கு "சாயப்பட்டறை எல்லாம் மூடுனாங்களே அப்ப". உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது 2011 ஜனவரியில். அவர் அதுவரை வின்ச் என்ற சாய மெஷினில் துணிக்குச் சாயம் போட்டவர். பிறகு செக்யூரிட்டி, பிறகு சிக்கன் கடை, இப்போது இரண்டு கம்பெனிக்கு வேஸ்ட் துணி அள்ளுகிறார். நான்கு தொழில். படிவத்தில் முந்தைய தொழிலுக்கு ஒரே ஒரு இடம்.

இப்படித் தடுமாறிக்கொண்டிருந்தபோது கட்டிங் மாஸ்டரின் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். "குக்கர் குடுத்தாங்கல்லங்க ஒரு தீபாவளிக்கு, அது இந்தக் காண்ட்ராக்டர்தானே? அதுக்கு முந்தின வருஷம் போனசு பழைய ஆளு கையிலதான வாங்குனீங்க?" சட்டென்று எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டது. எந்தத் தீபாவளிக்கு யாரிடம் எவ்வளவு போனஸ், அதில் என்ன வாங்கினார்கள், யாருக்குப் புதுத்துணி எடுக்க முடியவில்லை என்பது வரை.

திருப்பூரில் வேலை மாறுகிறவர்கள் பெரும்பாலும் போனசை வாங்கிக்கொண்டுதான் மாறுகிறார்கள். அதனால் தீபாவளிதான் இவர்களுடைய வருஷக் கணக்கு. அன்று மத்தியானத்திலிருந்து முதல் கேள்வியை மாற்றினோம். "போன தீபாவளிக்கு எங்கே போனஸ் வாங்கினீங்க? அதுக்கு முந்தின தீபாவளிக்கு?" இப்படிப் பின்னோக்கி மூன்று தீபாவளி.

அக்கா ஒரு விவரம் சொன்னார். எங்கள் படிவத்தில் ஒரு பகுதி அமெரிக்கக் கணக்கெடுப்பைப் பார்த்து எழுதப்பட்டது. அங்கே 1984 முதல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, வேலை இழந்தவர்களைப் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். தொடக்கத்தில் கடைசி ஐந்து வருஷத்தைப் பற்றிக் கேட்டவர்கள், 1994 முதல் மூன்று வருஷம் என்று சுருக்கிக்கொண்டார்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தியதை மனிதர் மறந்துவிடுகிறார், அல்லது நேற்று நடந்ததுபோல இழுத்து வைத்துக்கொள்கிறார். எங்கள் படிவத்தின் 'மூன்று ஆண்டு' எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. காலம் சரிதான். அதை நினைவூட்டும் கொக்கிதான் இல்லாமல் இருந்திருக்கிறது.

நவம்பர் 19, புதன் – திருப்பூர்

பெருமாநல்லூர் பக்கம் கிராமங்கள். இன்று பெண்கள் அதிகம்.

செக்கிங்கில் இருந்த ஒரு அம்மணி. ஆறு தீபாவளி ஒரே கம்பெனி, இந்தத் தீபாவளி முடிந்ததும் இல்லை. காரணம் கேட்டேன். "நானா நின்னுட்டனுங்க." படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது: தாமாக விலகியவர், சொந்தக் காரணம். தட்டப் போன விரலை அக்கா பிடித்துக்கொண்டார். "எதனால அம்மணி நின்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கம்பெனி வண்டி வர்றதில்லைங்க. நாலு ஊர்ல ஏத்திட்டுப் போவாங்க. ஆளு கம்மியாயிருச்சு, வண்டி கட்டுபடியாகலைன்னு நிறுத்திட்டாங்க. டவுன் பஸ்ல போனா ராத்திரி வூடு வர ஒம்போதரை ஆவுது. வயசுக்கு வந்த புள்ள தனியா இருக்குது."

ஆர்டர் குறைந்தது, ஆள் குறைந்தது, வண்டி நின்றது, வேலை போனது. அமெரிக்கப் படிவத்திலும் வேலை இழப்புக்கு மூன்று காரணம்தான்: ஆலை மூடியது அல்லது வேறிடம் போனது, போதிய வேலை இல்லை, பதவியோ ஷிப்டோ ரத்தானது. இவர் கதை இரண்டாவதில் அப்பட்டமாக விழுகிறது. ஆனால் அவரே அதை 'நானா நின்னது' என்கிறார். யாரும் போகச் சொல்லவில்லையே. அன்று பேசிய பெண்களில் எத்தனை பேர் 'நானா நின்னுட்டேன்' என்றார்களோ, அத்தனை பேரிடமும் அடுத்து ஒரு "எதனால" கேட்டோம். வண்டி, ராத்திரி ஷிப்டு, குழந்தை காப்பகம் மூடியது. கணவரின் வேலை போனதால் ஊரையே மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். முதல் இரண்டு நாளில் அந்த "எதனால" கேட்காமல் விட்டவர்களை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

சாயங்காலம் வடமாநிலத் தம்பிகள் தங்கும் கட்டடம். பாதி அறைகளில் பூட்டு. சத் பூஜைக்குப் போனவர்கள், பீகார் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வருவதாக இருந்துவிட்டார்கள். மாடியில் மூன்று பேர் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். அக்காவின் இந்தி என்னுடையதைவிடப் பரவாயில்லை. ஒரு தம்பி தன் நண்பனைப் பற்றிச் சொன்னான்: லீவில் ஊருக்குப் போயிருக்கிறான், வரலாமா என்று தினமும் போன் செய்கிறான், கம்பெனியில் "பத்து நாள் பொறு" என்கிறார்களாம். அவன் லீவில் இருக்கிறானா, வேலை இழந்தவனா? அவனுக்கே தெரியாது. சுடச்சுட இரண்டு சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் எங்கள் கையில் திணித்துவிட்டுத்தான் விட்டார்கள். சாப்பிடும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை ஐந்து பேருமாகப் பிடித்து அடுப்பைக் காப்பாற்றினோம்.

நாடு முழுக்க நடக்கும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் வார நிலவரம் என்று ஒன்று உண்டு. ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். உலக அளவில் வழங்கும் வரையறைதான். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆனால் வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்டு தைத்தவர் இப்போது ஒரே ஒரு நாள் போனாலும் அதே கட்டம்தான். அதனால்தான் எங்களைப் போன்ற சின்னப் படிவங்களும் வீடு வீடாக ஏற வேண்டியிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நவம்பர் 20, வியாழன் – சிவகாசி

நாள் முழுக்கப் பஸ். தாராபுரம் தாண்டும்வரை காற்றாலை, பிறகு தூக்கம். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட வேண்டும் என்று வந்ததிலிருந்து அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். கார்த்திகை மாதம், கடையில் கூட்டம் குறைவு. நாலு பரோட்டா வாங்கி இரண்டு பேர் பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றிச் சாப்பிட்டோம். மொறுமொறுவென்று இருந்தது. பரிமாறியவர் கூடுதலாக ஒரு கரண்டி சால்னா கேட்காமலே ஊற்றினார்.

அவர் கொத்தனாராக இருந்தவர். முதுகு போனதால் கடைக்கு வந்தாராம். எழுதிக்கொள்ளவில்லை, ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த எங்கள் பட்டியலில் அவர் இல்லை.

நவம்பர் 21, வெள்ளி – சிவகாசி

திருத்தங்கல். தீபாவளி அக்டோபர் 20இல் முடிந்துவிட்டது. தீபாவளி முடிந்தால் பட்டாசு ஆலைகள் பல, சில வாரம் மூடிக் கிடக்கும். பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். தெருவில் ஆண்கள் பகலிலேயே வேப்பமரத்தடியில் தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். திருப்பூரில் கண்டுபிடித்த தீபாவளிக் கேள்வியை இங்கே கேட்டால் சிரித்தார்கள். "தீபாவளியைப் பத்தி எங்ககிட்டயா கேக்குறீக?"

இங்கே அந்தக் கேள்வி வேறு விதமாகத் தடுக்கியது. ஒவ்வொரு வருஷமும் வேலை நிற்கிறது, ஒவ்வொரு வருஷமும் தொடங்குகிறது. இடையில் முன்பணம் வாங்கியவர்கள் அதே ஆலைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். "வேலை இல்லை" என்பது இங்கே காலண்டரில் ஒரு மாதம்போல இருக்கிறது. பூஜை போட்டபின் கூப்பிடாமல் விட்டுவிட்டால்தான் அவர்கள் மொழியில் வேலை போனது. ஆகவே கேள்வியை மறுபடி திருத்தினோம்: "பூஜைக்கு அப்புறம் கூப்பிடாம விட்டது உண்டா?"

ஒரு அம்மா, ஐம்பது வயதுக்கு மேல். வீட்டு வாசலில் பிரம்பு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே பேசினார். இருபத்தைந்து வருஷமாகப் பட்டாசுதான், ஆலைகூட மாறவில்லை. வேலை இழப்பு இல்லை, தொழில் மாற்றம் இல்லை. படிவம் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கிளம்பும்போது அவரே ஆரம்பித்தார்.

"சரம் பின்னுவேன் தாயி. பத்தாயிரம் வாலா பின்னுனா என் கையிதான் வேணும்னு கேப்பாக. கண்ணை மூடிட்டுப் பின்னுவேன். கோர்ட்டுல வேணாம்னுட்டாக. இப்பப் பெட்டிக்குள்ள அடுக்குறேன். அதைப் பச்சப்புள்ளகூட அடுக்கும்."

உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் சரவெடிக்கும், பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. புகையும் சத்தமும் குப்பையும் யாருக்கும் நல்லதில்லை. அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கைத்திறம் அன்றோடு ஒழிந்தது. எங்கள் தொழில் குறியீட்டில் பின்னுகிறவருக்கும் அடுக்குகிறவருக்கும் ஒரே எண். கூலி குறைந்தது, பீஸ் கணக்கு போய் நாள் கணக்கு வந்தது, 'என் கையிதான் வேணும்' என்ற பேச்சும் போனது. எங்கள் கணக்கில் எதுவும் மாறவில்லை. 'பிற' என்ற கட்டத்தைத் திறந்து அவர் சொன்னதை அப்படியே தட்டினேன். அந்தக் கட்டத்தில் 200 எழுத்துக்கு மேல் ஏறவில்லை. மீதியை நோட்டில் எழுதினேன்.

ராத்திரி லாட்ஜ் வரவேற்பில் டிவி. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் இன்று முதல் நடைமுறை என்று செய்தி. பழைய 29 சட்டங்களுக்குப் பதில் நான்கு. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே பணிக்கொடை. அதேநேரம் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி, 100 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலை என்றிருந்தது இனி 300 என்றாகிறது. நானும் அக்காவும் நின்றுகொண்டே கேட்டோம். கணக்குப் பிள்ளை ஒருவர், அறைச் சாவிக்குக் காத்திருந்தவர், "டோக்கன் மாத்துறவங்களுக்கு என்னம்மா போட்டிருக்கு?" என்று எங்களிடம் கேட்டார். நாங்கள் என்ன வேலையாக வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

நவம்பர் 22, சனி – அம்பாசமுத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி வழி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. இறங்கிக் கால் கிலோ பால்கோவா. தென்காசிக்கு முன்பே மழை. அம்பைக்கு வந்தபோது முழங்கால் வரை நனைந்துவிட்டோம், படிவக் காகிதங்கள் ஓரம் ஊறிவிட்டன. லாட்ஜ் அறை 800 ரூபாய், ஜன்னல் முழுதாகச் சாத்தவில்லை. மெஸ்ஸில் சொதி. பயணம் முழுக்கச் சாப்பிட்டதில் இதுதான் உடம்புக்கு இதம். பரிமாறிய அம்மா நனைந்த என் துப்பட்டாவைப் பார்த்துவிட்டு, அடுப்படியில் காயப்போடச் சொன்னார்.

மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் எண்ணம் இல்லை. மேலே இருந்தவர்களில் பலர் கீழே வந்துவிட்டார்கள். அவர்களைத்தான் பார்க்க வந்திருக்கிறோம்.

நவம்பர் 23, ஞாயிறு – கல்லிடைக்குறிச்சி

ஆறு செந்நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலத்தில் ஜனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மழையில் அப்பளக் கட்டு எதுவும் வெளியே காயவில்லை.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு, தேயிலைத் தோட்டமானது. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னாலேயே 2024 ஜூனில் தோட்ட வேலை நின்றுவிட்டது. விருப்ப ஓய்வு என்று காகிதத்தில் பெயர்.

ஓட்டு வீடு, வாடகைக்கு. கணவர் கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன், ராத்திரி வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு 58 வயது. முறத்தில் பீடி இலை, பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தீபாவளிக் கேள்வியைக் கேட்டேன். போன தீபாவளிக்கு?

"போன தீபாவளி இங்ஙன. அதுக்கு முந்தி மேலதான். அதுக்கு முந்தியும் மேலதான். எத்தனை தீபாவளிம்மா கேக்கிய? நான் பொறந்ததிலேர்ந்து மேலதான்."

கூட்டிப் பார்த்தோம். பதினேழு வயதில் பேர் பதிந்து, 40 வருஷம். அம்மாவும் இலை பறித்தவர், பாட்டியும். அமெரிக்காவில் 2024 ஜனவரிக் கணக்குப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இப்போதைய முதலாளியிடம் இருந்த காலத்தின் நடு அளவு (பாதிப் பேர் இதற்குக் கீழே, பாதிப் பேர் இதற்கு மேலே) 3.9 வருஷம். மூன்று வருஷம் இருந்தாலே அங்கே நீண்ட காலப் பணியாளர் என்று தனியாக எண்ணுகிறார்கள். எங்கள் படிவத்தில் பணிக்கால வரிசையின் கடைசிக் கட்டம் '20 ஆண்டுகளும் அதற்கு மேலும்'. அதில் தட்டினேன்.

வேலை இழப்புக் காரணம். விருப்ப ஓய்வு என்றால் 'தாமாக விலகியவர்'. கேட்டேன்.

"விருப்பமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பீடி இலையை எடுத்து வெட்டத் தொடங்கிவிட்டார்.

'நிறுவனம் மூடியது' என்று மாற்றினேன். அக்கா தலையாட்டினார்.

தொழில் மாற்றம். மேலே இருந்தபோது ஒரு நாளில் எத்தனை கிலோ பறிப்பார் என்று சொன்னார், இரண்டு இலையும் மொட்டும் கிள்ளும் விரல் அசைவைக் காற்றில் செய்து காட்டினார். ரெண்டு கையும் தனித்தனியாக, அவ்வளவு வேகம். "இதே விரலு பீடிக்கு வளைய மாட்டேங்கு. நாள் பூரா இருந்து முந்நூறு ஓடுது. இவ ஆயிரம் சுத்துதா" என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காட்டினார். அந்தப் பெண், "வந்துரும் அத்தை, ஆறு மாசத்துல வந்துரும்" என்றார். இங்கே வெக்கை தாங்கவில்லை, ராத்திரி ஈரத்துணியைத் தரையில் விரித்துப் படுக்கிறேன் என்றார் அந்த அம்மா. மேலே அட்டை கடிக்கும், பனியில் கை விறைக்கும். அதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை.

ஒரே மகன் திருப்பூரில். பனியன் கம்பெனி, அயர்னிங். "அவனுக்கும் இப்ப வாரத்துல மூணு நாளுதான் வேலையாம். நீங்க அங்ஙன போயிருந்தியளா? அவனப் பாத்தியளா?" அவன் குடியிருக்கும் பகுதியைக் கேட்டேன். ராயபுரம். நாங்கள் போகாத பக்கம். கட்டன் காப்பி கொடுத்தார். தூள் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக முகவரி. தற்போதைய முகவரி எழுதிவிட்டேன். அடுத்த கட்டம் 'நிரந்தர முகவரி', அதை நிரப்பாமல் படிவம் நகராது. இந்த வீட்டையே போடட்டுமா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். அதில் பழைய வாக்காளர் அட்டை. எஸ்டேட், லயன், வீட்டு எண்.

"பூட்டித்தான் கெடக்கு. ஆனா இதத்தான் போடணும்மா" என்று என் கைக்கணினிக்கு நேரே அட்டையைப் பிடித்துக்கொண்டார். எழுத்து தேய்ந்திருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அவர் வாசிக்க வாசிக்கத் தட்டினேன்.